நிழல் எவ்வளவு வேண்டும்?

'பெரிய மரத்துக்குக் கீழே எதுவும் முளைக்காது.'

இந்த வசனத்தை நாம் எல்லோரும் ஒரு தடவையாவது சொல்லியிருப்போம். நடிகரின் மகன் நடிக்க வந்து இரண்டு படம் ஊத்திக்கொண்டால் சொல்வோம். வித்வானின் மகள் கச்சேரியில் ஒரு சங்கதி பிசகினால் சொல்வோம். அதே பிள்ளை ஜெயித்துவிட்டால் வசனத்தை மாற்றிக்கொள்வோம்: 'ம்... அப்பா பேரு இருக்கு, வந்துட்டான்!'

கவனித்தீர்களா? தோற்றால் மரத்தின் குற்றம். ஜெயித்தால் மரத்தின் தயவு. பிள்ளையின் கணக்கில் ஒரு ரூபாய் வரவு வைக்க நமக்கு மனசே வருவதில்லை.

முதலில் அந்த வசனமே சரிதானா என்று பார்த்துவிடலாம். அதற்கு ஏற்காடு வரை போக வேண்டும்.

சேலத்தைத் தாண்டி மலையடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலை ஏறியதும் காற்று மாறும், காது லேசாக அடைக்கும். அப்போது பஸ் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். நெடுநெடுவென்று வளர்ந்த சில்வர் ஓக் மரங்கள். அவற்றைச் சுற்றி ஏறியிருக்கும் மிளகுக் கொடி. அங்கங்கே பலா, ஆரஞ்சு. அத்தனைக்கும் கீழே, கரும்பச்சை இலைகள் பளபளக்க ஒரு செடி நிற்கும். காபி! 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் சேர்வராயன் மலையில் கொண்டுவந்து வைத்தது. இருநூறு வருஷமாக அது பெரிய மரத்துக்குக் கீழேதான் வளர்ந்துகொண்டிருக்கிறது.

அரேபிகா காபியின் பூர்வீகமே எத்தியோப்பியாவின் மலைக்காட்டு நிழல்தான். மேலே குடை இல்லாமல் வெயில் நேராக விழுந்தால், வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டுக்குக் கொண்டாட்டம். வெளியே பார்த்தால் செடி நன்றாகத்தான் இருக்கும். உள்ளே தண்டைப் புழு குடைந்து முடித்திருக்கும். சரி, நிழல்தானே நல்லது என்று மரங்களை அடர விட்டுவிட்டால்? பூ குறையும். மழைக்கால ஈரத்தில் கருப்பு அழுகல் நோய் வரும். அதனால்தான் மழைக்கு முன்னால் ஆள் விட்டு நிழல் மரங்களின் கிளைகளைக் கழிக்கிறார்கள். மரத்தை வெட்டிச் சாய்ப்பதில்லை, கழிக்கிறார்கள். எந்தக் கிளை, எவ்வளவு என்பதில்தான் தோட்டக்காரரின் சாமர்த்தியம்.

ஆக, 'மரத்துக்குக் கீழே வளருமா?' என்பது தப்பான கேள்வி. 'எவ்வளவு நிழல்? யார் கழிப்பது? எப்போது?' என்பதுதான் சரியான கேள்வி.

காபிக்கு இது விளைச்சல் பிரச்னை. மனுஷனுக்கு இது நியாய அநியாயப் பிரச்னை. அப்பாவோ அம்மாவோ சம்பாதித்த பெயரை, அதே தொழிலுக்கு வரும் பிள்ளை பயன்படுத்திக்கொள்வது தப்பா? மறைத்துக்கொண்டு வருவதுதான் நேர்மையா? வாங்கிக்கொண்டால் அதற்கு விலை என்ன, அதை யாருக்குக் கட்டுவது?

மலையிலிருந்து இறங்கி சேலத்துக்குத் திரும்பும் வழியிலேயே ஓர் அப்பா - பிள்ளை கதை நிற்கிறது. ஏற்காடு ரோட்டில் ஒரு பழைய வளைவு. மாடர்ன் தியேட்டர்ஸ்! 1935-ல் டி.ஆர்.சுந்தரம் ஆரம்பித்த ஸ்டூடியோ. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த இடம். வடுவூர் துரைசாமி அய்யங்காரின் துப்பறியும் நாவலான 'திகம்பர சாமியா'ரை 1950-ல் படமாக்கி, எம்.என்.நம்பியாருக்கு வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டுவிட்டவர் அவர்தான். 1963-ல் அவர் போனபிறகு மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்றார். அப்பா செய்ததில் ஒரு பங்கை மட்டும் பிடித்துக்கொண்டார்: மர்மம். ஜெய்சங்கரை வைத்து 1966-ல் 'வல்லவன் ஒருவன்', 1970-ல் 'சி.ஐ.டி. சங்கர்'. துப்பாக்கி, கார் துரத்தல், ரகசிய அறை எல்லாம் இந்த மலையடிவாரத்துக் கம்பெனியின் சரக்குதான்.

இன்று ஸ்டூடியோ இல்லை. வளைவு மட்டும் இருக்கிறது.

'சினிமா பல பேர் சேர்ந்து இழுக்கும் தேர் சார், பிள்ளை ஒரு கை போட்டால் போதும்' என்று நீங்கள் சொல்லலாம். சரி. அப்படியானால் தனி ஆளாக உட்கார்ந்து செய்யும் தொழிலுக்கு வருவோம். எழுத்து. அதிலும் குறிப்பாக மர்மக் கதை.

ஏன் மர்மக் கதை? இரண்டு காரணம். துப்பறியும் நாவல்களில் பாதிக் கொலைகள் சொத்துக்காகத்தான் நடக்கின்றன. உயில் எங்கே, வாரிசு யார், காணாமல் போன மூத்த மகன் திரும்பி வந்தானா... மர்மக் கதையின் ரத்தத்திலேயே வாரிசுப் பிரச்னை ஓடுகிறது. இரண்டாவது, வேறு எந்த எழுத்திலும் இல்லாத கறார் இதில் உண்டு. ஒரு சமூக நாவல் சுமாராக இருந்தால், 'பெரிய எழுத்தாளர் பிள்ளை, போகப் போகச் சரியாகும்' என்று பொறுத்துக்கொள்வோம். மர்ம நாவலில் நாற்பதாவது பக்கத்திலேயே கொலைகாரன் யார் என்று தெரிந்துவிட்டால்? எந்த அப்பா பெயரும் காப்பாற்றாது. புத்தகத்தை மூடி தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்கிவிடுவோம்.

தமிழில் இதற்கு ஒரு சுவையான உதாரணம் உண்டு. தமிழ்வாணன். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, 'துணிவே துணை'. ஒரு தலைமுறையையே டீ குடிக்கும் துப்பறியும் சங்கர்லாலுக்கு அடிமையாக்கியவர். பெயர், விலாசம் எதுவும் எழுதாமல் தொப்பியையும் கண்ணாடியையும் மட்டும் படம் போட்டுத் தபாலில் சேர்த்தால்கூட கடிதம் அவரிடம் போய்ச் சேரும் என்பார்கள். 1977-ல் அவர் மறைந்தார். 'கல்கண்டு' ஆசிரியர் நாற்காலியில் மகன் லேனா தமிழ்வாணன் உட்கார்ந்தார். சங்கர்லாலுக்கு வாசகர்கள் தயாராகக் காத்திருந்த காலம் அது. ஆனால் லேனா என்றால் இன்று நமக்கு ஞாபகம் வருவது ஒரு பக்கக் கட்டுரைதான். நேரத்தை எப்படிச் செலவழிப்பது, மனிதர்களிடம் எப்படிப் பழகுவது என்று பக்கத்து வீட்டு அண்ணன் மாதிரி பேசும் கட்டுரைகள். நாற்காலியை எடுத்துக்கொண்டார். பெயரையும் பின்னால் வைத்துக்கொண்டார். துப்பறிவாளரை மட்டும் அப்பாவிடமே விட்டுவிட்டார். ஒரு கிளையைக் கழித்தார், மரம் நிற்கிறது.

இது ஒரு வழி. இதைவிடச் சிக்கலான வழியில் போனவர் ஒருவர் இருக்கிறார். அவரை நீங்கள் வேறு காரணத்துக்காக அறிவீர்கள். சத்யஜித் ராய்.

உலகத்துக்கு அவர் சினிமா டைரக்டர். வங்காளத்தில் எந்த வீட்டுப் பையனையாவது கேட்டுப் பாருங்கள், 'ஃபெலுதா எழுதியவர்' என்பான். 1965-லிருந்து 1992-ல் சாகும்வரை அவர் எழுதிய துப்பறியும் கதைகளின் நாயகன் ஃபெலுதா. முழுப் பெயர் பிரதோஷ் மித்தர். கல்கத்தா ரஜனி சென் ரோட்டு வாசி. சார்மினார் சிகரெட் பிடிப்பார். துப்பாக்கியைவிட மூளையை நம்புவார். மொத்தம் 35 கதைகள். ஷெர்லக் ஹோம்ஸுக்கு லண்டன் மாதிரி, ஃபெலுதாவுக்குக் கல்கத்தா.

இந்தத் துப்பறியும் எழுத்தாளர் எந்த மரத்துக்குக் கீழே முளைத்தார் தெரியுமா?

தாத்தா உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி. குழந்தை எழுத்தாளர், ஓவியர், அச்சுக்கலை மேதை. போட்டோவை அச்சில் கொண்டுவரும் ஹாஃப்டோன் பிளாக் தொழிலில் இந்தியாவின் முன்னோடி. 1913-ல் குழந்தைகளுக்காக 'சந்தேஷ்' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். வங்காளியில் சந்தேஷ் என்றால் செய்தி என்றும் அர்த்தம், இனிப்பு என்றும் அர்த்தம். பத்திரிகைக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்குமா? இரண்டே வருஷத்தில் அவர் காலமாக, மகன் சுகுமார் ராய் ஏற்று நடத்தினார். இந்த சுகுமார் சாதாரண ஆள் இல்லை. அர்த்தமில்லாத வேடிக்கைப் பாட்டுகளின் ராஜா. இன்றைக்கும் அவர் பாட்டை ஒப்பிக்காமல் வங்காளத்தில் குழந்தை வளராது.

1921-ல் சத்யஜித் பிறந்தார். அதே வருஷம் அப்பாவுக்குக் காலா அசார் என்ற கொடிய காய்ச்சல். படுத்த படுக்கையிலேயே எழுதினார், படம் போட்டார். 1923 செப்டம்பர் 10-ஆம் தேதி, 35 வயதில் போய்விட்டார். அவர் பெயர் சொல்லும் 'ஆபோல் தாபோல்' புத்தகமாக வந்தது அதற்குச் சில நாள் கழித்துத்தான். பிள்ளைக்கு அப்போது இரண்டரை வயசுகூட முடியவில்லை.

அடுத்த சில வருஷத்தில் அச்சகம் நொடித்தது. வீடு போனது. அம்மா சுப்ரபா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தம் சகோதரர் வீட்டுக்குப் போய், கைவேலை கற்றுக்கொடுக்கும் வேலை பார்த்து அவனை வளர்த்தார். பெயர் பெற்ற குடும்பத்தின் பிள்ளை மாமா வீட்டில் வளர்ந்தான். மரம் விழுந்துவிட்டது. நிழலும் இல்லை, வெயில் நேராக மண்டையில்.

பையன் என்ன செய்தான்? எழுதவில்லை. பிரசிடென்சி காலேஜில் எகனாமிக்ஸ் படித்தான். 1943-ல் விளம்பரக் கம்பெனியில் படம் வரையும் வேலைக்குச் சேர்ந்தான். பிறகு சினிமா. 1955-ல் 'பதேர் பாஞ்சாலி'. அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும்.

நமக்கு வேண்டியது அவருடைய நாற்பதாவது வயசு. 1961. உலகப் புகழ் வந்தாயிற்று. அந்த நேரத்தில் போய், எப்போதோ நின்றுபோன 'சந்தேஷ்' பத்திரிகையை சுபாஷ் முகோபாத்யாய் என்ற கவிஞரோடு சேர்ந்து மறுபடி ஆரம்பித்தார். வியாபாரக் கண்ணால் பார்த்தால் சுத்தப் பைத்தியக்காரத்தனம். செத்துப்போன குழந்தைப் பத்திரிகையில் என்ன சொத்து இருக்கிறது? மாசா மாசம் பக்கம் நிரப்ப வேண்டிய கடன் மட்டும்தான் இருக்கிறது.

அந்தப் பக்கங்களை நிரப்பத்தான் ராய் கதை எழுத ஆரம்பித்தார். முதலில் ஷோங்கு என்ற விசித்திரமான விஞ்ஞானியின் டைரி. அந்த டைரிப் பாணிக்கு விதை, அப்பா சுகுமார் எழுதிய ஒரு வேடிக்கைக் கற்பனை டைரி. நாலு வருஷம் கழித்து, டார்ஜிலிங் பின்னணியில் ஒரு துப்பறியும் கதை. ஃபெலுதா பிறந்தார்.

இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். வாரிசுகள் சாதாரணமாகக் கேட்கும் கேள்வி, 'அப்பா எனக்கு என்ன விட்டுப் போனார்?' ராய் கேட்டது வேறு. 'அப்பா எதைப் பாதியில் விட்டுப் போனார்?'

முதல் கேள்விக்குப் பதில் சொத்து. இரண்டாவதற்குப் பதில் வேலை. அப்பாவின் புகழை எடுத்துக்கொள்பவன் ஒரு நாள் அதைத் தின்று தீர்த்துவிடுவான். அப்பாவின் பாதி வேலையை எடுத்துக்கொள்பவனுக்குத் தீர்ப்பதற்கு எதுவும் இல்லை, சேர்ப்பதற்குத்தான் இருக்கிறது.

அந்த வேலையோடு சில கட்டுப்பாடுகளும் சேர்ந்து வந்தன. குழந்தைகள் பத்திரிகை என்பதால் ஃபெலுதா கதைகளில் ஆபாசம் கிடையாது, காதல் முக்கோணம் கிடையாது, ரத்தம் அளவோடுதான். கள்ளக் காதலையும் படுக்கையறையையும் தொடாமல் மர்மக் கதை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று நம் ஊர் கிரைம் எழுத்தாளர்களைக் கேட்டால் சொல்வார்கள். தாத்தா போட்ட வேலிக்குள் நின்றுகொண்டு பேரன் முப்பத்தைந்து கதைகள் எழுதினார். அதில் ஒரு குறும்பும் செய்தார். ஃபெலுதாவோடு கூடவே சுற்றும் ஜடாயு என்ற பாத்திரம் யார் தெரியுமா? ஒரு மர்ம நாவலாசிரியர்! அவர் தப்புத் தப்பாக எழுதும் தகவல்களை ஃபெலுதா திருத்திக்கொண்டே இருப்பார். தன் தொழிலைத் தானே கிண்டல் செய்யத் தெரிந்தவனுக்குத் தலைக்கனம் வராது.

இன்னொரு விஷயம். ஃபெலுதா ஒன்பது வயதில் தாய் தந்தையை இழந்து சித்தப்பா வீட்டில் வளர்ந்தவர் என்று ராய் எழுதியிருக்கிறார். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டாம்.

ராய்க்கு நிழல் சீக்கிரமே விலகிவிட்டது. விலகாமல் கடைசிவரை மேலேயே இருந்தால்? அதற்கு அமெரிக்காவில் ஒரு மகள் இருந்தார்.

மேரி ஹிக்கின்ஸ் கிளார்க். 1964-ல் கணவர் இறந்தபோது கையில் ஐந்து குழந்தைகள். வேலைக்குப் போவதற்கு முன், விடியற்காலையில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதினார். 1975-ல் வந்த ஒரு நாவல் தலையெழுத்தை மாற்றியது. பிறகு 'சஸ்பென்ஸ் ராணி' என்ற பட்டமே வந்தது. அவருடைய மகள் கேரல், காலேஜ் காலத்தில் அம்மாவின் கையெழுத்துப் பிரதிகளை டைப் அடித்துக் கொடுத்த பெண். டைப் அடிக்கும்போதே, 'இந்தக் கேரக்டரைச் சாகடிக்காதேம்மா' என்கிற மாதிரி யோசனையும் சொல்வாராம். அம்மாவும் கேட்டுக்கொள்வாராம்.

கேரல் 1992-ல் தன் முதல் நாவலை வெளியிட்டார். பெயரை மறைக்கவில்லை. ஒரு படி மேலே போய், தன் கதாநாயகியான ரீகன் ரைலி என்ற துப்பறியும் பெண்ணுக்கு ஓர் அம்மாவைக் கொடுத்தார். அந்த அம்மா யார்? பிரபல மர்ம நாவலாசிரியை! ஊரார் முதுகுக்குப் பின்னால் பேசப்போவதைத் தானே முன்னால் வைத்துச் சிரித்துவிட்டார். அம்மாவின் கதைகள் பயமுறுத்தும். மகளின் கதைகள் பாதிக்குப் பாதி சிரிக்க வைக்கும். பின்னால் இருவரும் சேர்ந்தே கிறிஸ்துமஸ் மர்மக் கதைகள் எழுதினார்கள். 2020-ல் அம்மா தன் 92-ஆம் வயதில் போனார். 2023-ல் மகளும் போய்விட்டார், 66 வயதில்.

அம்மா அளவுக்கு மகளுக்குப் பெயர் வந்ததா? இல்லை. அதனால் அது வீணான வாழ்க்கையா? ஏற்காட்டில் சில்வர் ஓக்கைப் பிடித்து ஏறும் மிளகுக் கொடியைப் பார்த்து, 'நீ ஏன் மரமாகவில்லை?' என்று யாராவது கேட்பார்களா? மிளகின் காரம் மிளகுக்கு.

மூன்றாவது வகையும் உண்டு. திகில் கதை மன்னன் ஸ்டீபன் கிங்கின் மகன் ஜோசப் ஹில்ஸ்ட்ராம் கிங். அப்பாவின் தொழிலுக்கே வர ஆசை. ஆனால் அப்பா பெயரில் 'ஓகே' ஆவதில் சம்மதம் இல்லை. 'கிங்'கை வெட்டிவிட்டு ஜோ ஹில் என்ற பெயரில் பத்து வருஷத்துக்கு மேல் கதைகள் அனுப்பினார், திருப்பி வாங்கினார். 2005-ல் முதல் சிறுகதைத் தொகுதி வந்தது. இன்னாரின் மகன் என்று ஊருக்குத் தெளிவாகத் தெரிந்தபோது 2007 ஆகிவிட்டது. இதில் வேடிக்கை, அப்பா கிங்கே ஒரு காலத்தில் ரிச்சர்ட் பாக்மன் என்ற பொய்ப் பெயரில் எழுதிப் பார்த்தவர். 'என் புத்தகம் விற்பது திறமையாலா, அதிர்ஷ்டத்தாலா?' என்ற சந்தேகம் அவருக்கு. 1985-ல் குட்டு வெளிப்பட்டுவிட்டது. தன் பெயரின் நிழல் தனக்கே பாரமாகும்போது, பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

இப்போது நாம் ஆரம்பத்தில் கேட்ட மூன்று கேள்விகளுக்கு வருவோம்.

பெயரைப் பயன்படுத்துவது தப்பா? பி.காம். படித்தவர்களுக்கு 'குட்வில்' ஞாபகம் இருக்கும். கடையை வாங்குகிறவன் சரக்குக்கும் மேஜை நாற்காலிக்கும் மேலே, கடையின் நல்ல பெயருக்கென்று தனியாக ஒரு தொகை கொடுப்பான். கையால் தொட முடியாத சொத்து. ஆனால் அதைக் கணக்குப் போடும் முறையைக் கவனியுங்கள்: மற்ற கடைகளைவிட இந்தக் கடை அதிகமாகச் சம்பாதித்தால்தான் குட்வில்லுக்கு மதிப்பு. லாபம் நின்றால் குட்வில் பூஜ்யம், எழுதித் தள்ள வேண்டியதுதான். எழுத்தாளரின் பிள்ளைக்கு அப்பா பெயர் முதல் பக்கத்தைப் புரட்ட வைக்கும். இரண்டாவது பக்கம் அவன் பொறுப்பு. அந்த முதல் பக்கத்தை வாங்கிக்கொள்வது பாவம் இல்லை. அது தன் உழைப்பு என்று நம்ப ஆரம்பிப்பதுதான் பாவம்.

மறைப்பதுதான் நேர்மையா? நேர்மையில் ஒரு வகை. ஜோ ஹில் செய்தது மரியாதைக்குரிய காரியம். ஆனால் அவர் வெட்டியது பெயரை மட்டும்தான். வீடு முழுக்கப் புத்தகம், சாப்பாட்டு மேஜையில் கதைப் பேச்சு, எழுதுவதும் ஒரு வேலைதான் என்று கண்ணால் பார்த்து வளர்ந்தது, இதையெல்லாம் வெட்ட முடியுமா? வெட்டவும் கூடாது. முழு நிழலையும் வெட்டினால் தண்டுத் துளைப்பான் வருமே! 'எனக்கு யாரும் எதுவும் தரவில்லை, எல்லாம் நானே' என்ற எண்ணம் அப்படிப்பட்ட புழு. வெளியே செடி கம்பீரமாக நிற்கும்.

மூன்றாவது, விலை. இதுதான் முக்கியம். ஏனென்றால் இங்கேதான் பெயரில்லாத பிள்ளை உள்ளே வருகிறான்.

பத்திரிகை ஆபீஸில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். மேஜையில் இரண்டு கவர் இருக்கும். ஒன்றில் தெரிந்த பெயரின் வாரிசு. இன்னொன்றில் நாமக்கல் பக்கம் ஏதோ கிராமத்திலிருந்து, கோடு போட்ட நோட்டுத் தாளில், இரண்டு பக்கமும் நுணுக்கி எழுதிய கதை. எந்தக் கவர் முதலில் பிரியும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டாவது கவரில் இருந்தது நல்ல கதையாக இருந்திருக்கலாம். அதைப் பிரிக்காமல் விட்டது யாருடைய குற்றம்? வாரிசின் குற்றமா? இல்லை, கவரைப் பிரிக்கிறவரின் குற்றம். ஆனால் அந்தக் குற்றத்தால் லாபம் அடைந்தது வாரிசு. தான் செய்யாத தப்பினால் தனக்கு லாபம் வந்தால், அதற்கு ஒரு கடன் இருக்கிறதா இல்லையா?

இருக்கிறது. அந்தக் கடனை அப்பாவிடம் திருப்பிக் கட்ட முடியாது. அவருக்கு அது தேவையும் இல்லை. இரண்டாவது கவருக்குச் சொந்தக்காரனிடம்தான் கட்ட வேண்டும். பிரபல அப்பாவின் பிள்ளை நாளைக்குக் கவரைப் பிரிக்கும் இடத்துக்கு வருவான். வாரிசுகள் அநேகமாக வந்துவிடுவார்கள். அப்போது எந்தக் கவரை முதலில் பிரிக்கிறான் என்பதுதான் அவன் கட்டும் வட்டி. ராய் அப்படித்தான் கட்டினார். தாத்தா ஆரம்பித்து அப்பா நடத்திய பத்திரிகையை மீண்டும் திறந்தபோது, அது ராய் குடும்பத்துக்கு மட்டும் திறந்த கதவாக இருக்கவில்லை. வேறு எழுத்தாளர்கள் வந்தார்கள், வாசகக் குழந்தைகள் எழுதவும் அதில் இடம் இருந்தது. தனக்கு இரண்டரை வயசில் போன நிழலை, யார் யார் பிள்ளைக்கோ கொடுத்தார்.

'இதெல்லாம் பெரிய மனுஷங்க கதை, நமக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். புகழுக்கு அளவு கிடையாது. ஒரு தெருவுக்குள் ஹெட்மாஸ்டர் பிரபலம்தான். ஒரு ஊருக்குள் டாக்டர் பிரபலம்தான். 'டீச்சர் பொண்ணுக்குக் கணக்கு வரலையா?' என்று கேட்டு ஒரு சிறுமியை அழவைக்க நமக்கு சத்யஜித் ராய் குடும்பம் தேவையில்லை. எல்லா ஊரிலும் ஒரு 'இன்னார் பிள்ளை' இருக்கிறான். தன் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும் வாய்ப்பே கிடைக்காமல் வளர்கிறான்.

வள்ளுவர் இதில் நம்மைவிடத் தெளிவு. அப்பா பிள்ளைக்குச் செய்ய வேண்டியது, சபையில் முன்னால் நிற்கும் தகுதியைத் தருவது. பிள்ளை அப்பாவுக்குச் செய்ய வேண்டியது, 'இவனைப் பெற இவன் அப்பா என்ன தவம் செய்தாரோ' என்று ஊரைச் சொல்லவைப்பது. இரண்டு குறளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். கீழே இறங்குவது தகுதி. மேலே ஏறுவது பெயர். நாம்தான் தலைகீழாக்கிப் பெயரைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறோம். வங்காளத்துக்கு வெளியே இன்று சுகுமார் ராயை யாராவது தெரிந்து வைத்திருந்தால், 'சத்யஜித் ராயின் அப்பா' என்றுதான் தெரிந்து வைத்திருப்பார்கள். 1987-ல், சுகுமார் பிறந்து நூறு வருஷம் ஆனபோது, அறுபத்தாறு வயசுப் பிள்ளை அப்பாவைப் பற்றி ஒரு டாக்குமென்டரி எடுத்தார். முகம் ஞாபகம் இல்லாத அப்பாவை ஊருக்கு அறிமுகம் செய்துவைத்தார்.

நிழல் மரமாக நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காபிச் செடியால் மேலே இருக்கும் கிளையைத் தானே கழிக்க முடியாது. பிள்ளையின் கதையைத் திருத்திக் கொடுக்காமல் இருப்பது, 'நான் போன் பண்ணிச் சொல்றேன்' என்பதை ஒரு தடவையாவது விழுங்கிக்கொள்வது, மேரி மாதிரி மகள் சொல்லும் திருத்தத்துக்குக் காது கொடுப்பது, இவை எல்லாம் கிளை கழிக்கிற காரியங்கள். கொஞ்சம் வலிக்கும். ஆனால் அந்த இடைவெளி வழியாகத்தான் கீழே வெளிச்சம் இறங்கும்.

பெயர் சொல்ல ஒரு பெற்றோரும் இல்லாத நம்மைப் போன்ற பார்வையாளர்களும் ஒன்று செய்யலாம். அடுத்த கல்யாண வீட்டில் யாராவது ஓர் இளைஞனை, 'இவன்தான் அந்த எழுத்தாளர் மகன்' என்று கூட்டி வந்து நிறுத்துவார்கள். உடனே, 'அப்பா நல்லா இருக்காரா?' என்று ஆரம்பிக்காதீர்கள். அதை ஆயிரம் பேர் கேட்டாயிற்று.

'நீ இப்ப என்ன எழுதிக்கிட்டிருக்கே?' என்று கேளுங்கள். பதிலையும் நின்று கேளுங்கள்.